கிற்றார் தொங்கும் சுவரும் முள்ளிக்குளத்துக் கரையும்

முள்ளிக்குளத்திலிருந்து பெயர்க்கப்பட்டு மலங்காட்டிலும் காயாக்குழியிலும் மன்னார் நகரிலும் கடல் கடந்த ஊர்களிலும் வாழும் குடும்பங்களின் இளையோருக்கு ஒரு திறந்த மடல்



இசைக்கலைஞர் பயன்படுத்திய கருவிகளையும் உடைகளையும் சுவரில் மாட்டி, ரொக் இசையை ஓங்கி ஒலிக்கவிட்டு, ஒரு கையால் பிடித்து உண்ண முடியாதபடி அடுக்கிய பர்கரையும் மதுவையும் விற்கும் உணவகங்கள் இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றில் இருக்கின்றன. பர்கர் என்பது அடிப்படையில் எளிய உணவு: கொத்திய இறைச்சியை வட்டமாகத் தட்டி, சூடான இரும்புத் தட்டிலோ தணலிலோ வாட்டி, இரண்டாகப் பிளந்த பணிசுக்குள் வெங்காயமும் தக்காளியும் பாலாடைக்கட்டியும் சேர்த்து வைத்துத் தருவது. வேலைக்கோ படிப்புக்கோ கொழும்பு, டுபாய், லண்டன், ரொறன்ரோ என்று செல்லும் வடபுலத்து இளையோர் ஒரு மாலையையேனும் நண்பரோடு இத்தகைய இடமொன்றில் கழிப்பது இயல்பாகிவிட்டது. அதைக் கண்டிப்பது இம்மடலின் நோக்கமன்று. அவ்வகை உணவகங்களுக்கு முன்மாதிரியாக அமைந்த ஹார்ட் ரொக் கஃபே இன்று யாருடைய சொத்து, அவர்கள் கைக்கு அது எவ்வாறு வந்தது என்பது, நிலத்தைப் பறிகொடுத்த ஓர் ஊரின் பிள்ளைகள் விரிவாக அறிந்திருக்க வேண்டிய வரலாறு என்பதனாலேயே இது எழுதப்படுகிறது.

1971 ஜூன் 14 அன்று, லண்டனின் ஹைட் பார்க் மூலைக்கு அருகில், முன்னர் ரோல்ஸ் ரொய்ஸ் கார்களின் காட்சிக்கூடமாக இருந்த கட்டடத்தில், ஐசக் டிக்ரெட், பீட்டர் மோர்ட்டன் என்ற இரு அமெரிக்க இளைஞர்கள் முதலாவது ஹார்ட் ரொக் கஃபேயைத் திறந்தனர். தம் நாட்டில் எங்கும் கிடைத்த நல்ல பர்கர் லண்டனில் கிடைக்கவில்லை என்ற குறையே அவர்களுடைய தொடக்கம். வர்க்க வேறுபாடு மேசைவரை வந்து உட்காரும் நகரமாக அன்றைய லண்டன் இருந்தமையால், எவரும் எவருக்கு அருகிலும் அமரக்கூடிய இடமொன்றை அமைக்க வேண்டும் என்பது டிக்ரெட்டின் எண்ணம். அவர் பின்னாளில் புட்டபர்த்தி சத்திய சாயி பாபாவின் அடியவரானார். எல்லோரையும் நேசி, எல்லோருக்கும் சேவை செய் என்ற பொருள்பட உணவகங்களின் சுவர்களில் எழுதப்பட்ட வாசகம் அந்தத் தொடர்பின் வழி வந்தது. தம் பங்கை 1988இல் விற்றபின் அவர் அளித்த பெருங்கொடை, 1991 நவம்பரில் புட்டபர்த்தியில் திறக்கப்பட்ட, இலவசமாகச் சிகிச்சை தரும் உயர்சிறப்பு மருத்துவமனையைக் கட்ட உதவியது. பர்கரிலிருந்து திரண்ட செல்வத்தின் ஒரு பகுதி ஆந்திரத்து ஏழை நோயாளரின் இதய அறுவைச் சிகிச்சையாக மாறியது என்பது, இவ்வணிகத்தை வெறும் கேளிக்கை என்று ஒதுக்குவோர் மறந்துவிடும் செய்தி.

சுவரில் கருவிகளை மாட்டும் வழக்கம் திட்டமிட்டுத் தொடங்கப்பட்டதன்று. 1979இல், அவ்விடத்துக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்த கிற்றார்க் கலைஞர் எரிக் கிளப்டன், தாம் வழக்கமாக அமரும் இருக்கைக்கு அடையாளமாகத் தம்முடைய சிவப்புக் கிற்றார் ஒன்றை அங்கே மாட்டிவைக்கச் செய்தார். சில நாள்களில் ஹூ இசைக்குழுவின் பீட் டவுன்சென்ட், தம் கிற்றாரும் அதற்குக் குறைந்ததன்று என்று குறிப்பெழுதித் தம்முடையதை அனுப்பிவைத்தார். அதிலிருந்து பெருகிய சேகரிப்பு இன்று 80,000க்கும் மேற்பட்ட பொருள்களைக் கொண்டது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த இரு கிற்றார்களும் அவற்றை வாசித்தவர்களே விரும்பித் தந்தவை என்பது. ஒரு கலைஞன் தன் கருவியைத் தன் இருக்கைக்கு மேலே தானே மாட்டுவதற்கும், ஒரு மக்களின் கருவியை வேறொருவர் தம் வருமானத்துக்காக மாட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இம்மடலின் மையமான வேறுபாடு. அது பின்னர் மீண்டும் வரும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. போட்டி பெருகப் பெருக பர்கர் உயரமாயிற்று: பொரித்த வெங்காய வளையம், புகையூட்டிய பன்றி இறைச்சி, இரட்டை அடுக்கு என்று ஏறி, 2019இல் 24 கரட் தங்கத் தகடு போர்த்திய பர்கர் ஒன்று ஹார்ட் ரொக் கஃபேயின் உணவுப் பட்டியலில் இடம்பெற்றது. உண்ணத்தக்க தங்கத் தகட்டுக்குச் சுவையுமில்லை, மணமுமில்லை, உடலுக்கு அதனால் பயனுமில்லை. படமெடுப்பதற்காகவே அது அங்கே இருந்தது. நல்ல இறைச்சிக்கும் நல்ல பணிசுக்கும் கொடுக்கும் பணம் வீணன்று. தங்கத்துக்குக் கொடுக்கும் பணம் வீண்தான்.

2006 டிசம்பர் 7 அன்று, நியூயோர்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்திலுள்ள ஹார்ட் ரொக் கஃபேயில் ஓர் அறிவிப்பு வெளியிடப்பட்டது. உலகமெங்கும் 120க்கும் மேற்பட்ட உணவகங்களையும் சில விடுதிகளையும் கொண்டிருந்த அந்த நிறுவனத்தை, அப்போதைய உரிமையாளரான பிரித்தானியாவின் ராங்க் குழுமத்திடமிருந்து 965 மில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்குவதாகப் புளோரிடாவின் செமினோல் பழங்குடி மக்கள் அறிவித்தனர். 2007 மார்ச்சில் விற்பனை நிறைவேறியது. அந்த மேடையில் பேசிய பழங்குடி மன்ற உறுப்பினர் மக்ஸ் ஓசியோலா, மன்ஹற்றன் தீவை முன்னோர்கள் சில அற்பப் பொருள்களுக்கு விற்றார்கள் என்ற பழங்கதையை நினைவூட்டி, இனி ஒவ்வொரு பர்கராக விற்று அதைத் திரும்ப வாங்கப்போவதாகச் சொன்னார். கூடியிருந்தோர் சிரித்தனர். அச்சொல்லுக்குப் பின்னே 200 ஆண்டுக்கால நிலப்பறிப்பின் வரலாறு இருந்தது.

செமினோல் மக்கள், பதினெட்டாம் நூற்றாண்டில் வடக்கேயிருந்து புளோரிடாவுக்கு வந்து குடியேறிய கிறீக் இனக் குழுக்களிலிருந்தும், அங்கே முன்பே இருந்த பழங்குடியினரிலிருந்தும் உருவாகியவர்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஆபிரிக்கர் பலரும் அவர்களிடம் அடைக்கலமும் தோழமையும் பெற்றனர். 1830இல் அமெரிக்க அரசு இயற்றிய இந்தியர் அகற்றல் சட்டம், தென்கிழக்குப் பழங்குடியினர் அனைவரையும் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பெயர்த்தனுப்ப வழிசெய்தது. செமினோல்கள் இணங்க மறுத்தனர். 1817 முதல் 1858 வரை மூன்று போர்கள் நடந்தன. அவற்றுள் இரண்டாவது 1835 முதல் 1842 வரை ஏழாண்டுகள் நீடித்தது. அப்போரின் தலைவர்களுள் ஒருவரான ஓசியோலா, 1837இல் சமாதானப் பேச்சுக்கான வெள்ளைக் கொடியின் கீழ் வந்தபோது கைதுசெய்யப்பட்டு, அடுத்த ஆண்டு சிறையிலேயே இறந்தார். மக்களில் பெரும்பாலோர் இன்றைய ஒக்லஹோமாவுக்குப் பெயர்க்கப்பட்டனர். எஞ்சிய சில நூறு பேர், கோரைப்புல்லும் ஆழமற்ற நீரும் பரந்துகிடக்கும் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துக்குள் ஒதுங்கி, பனையினத்து ஓலையால் வேய்ந்த, சுவரில்லாத குடில்களில் வாழ்ந்தனர். சமாதான உடன்படிக்கை எதிலும் அவர்கள் கையொப்பமிடவில்லை; அதனால் இன்றும் தம்மை வெல்லப்படாத மக்கள் என்று அழைத்துக்கொள்கின்றனர்.

அதன் பின் வந்த காலம் முள்ளிக்குளத்து இளையோர் மிகக் கூர்ந்து படிக்க வேண்டிய காலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சதுப்புநிலத்தை வடிகட்டிப் பண்ணைகளும் நகரங்களும் அமைக்கப்பட்டபோது, வேட்டையும் தோல் வணிகமும் நலிந்து வறுமை சூழ்ந்தது. மயாமி நகரைச் சுற்றி வெள்ளையர் நடத்திய சுற்றுலாக் கிராமங்களில் செமினோல் குடும்பங்கள் பருவந்தோறும் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் சமைப்பதையும் தைப்பதையும், இளைஞர்கள் முதலையோடு மல்லாடுவதையும் பயணிகள் நுழைவுக் கட்டணம் செலுத்திப் பார்த்தனர். தம் சொந்த நாட்டில் தம் அன்றாட வாழ்வையே காட்சிப்பொருளாக்கிக் கூலி பெற வேண்டிய நிலை அது. அதே குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே பின்னாளில் உலகின் மிகப் பெரிய இசை உணவகத் தொகுதியை வாங்கினர். காட்சிப்பொருள் என்ற நிலைக்கும் உரிமையாளர் என்ற நிலைக்கும் இடையிலான தொலைவை அவர்கள் எவ்வாறு கடந்தனர் என்பதில்தான் பாடம் இருக்கிறது.

அவர்கள் தொடங்கியது வணிகத்தில் அல்ல, அமைப்பில். 1953இல் அமெரிக்க நாடாளுமன்றம், அரசோடு சட்ட உறவு துண்டிக்கப்பட வேண்டிய பழங்குடிகளின் பட்டியலில் செமினோல்களையும் சேர்த்தபோது, பல பிரிவுகளாகச் சிதறிக் கிடந்தவர்கள் ஒரு கருவாலி மரத்தடியில் கூடிக் கூடிப் பேசி, 1957 ஓகஸ்ட் 21 அன்று ஒரு பொது யாப்பை வாக்களித்து ஏற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று, நிலத்துக்கும் தொழிலுக்கும் கூட்டு உரிமையாளராயிற்று. 1930களில் வறட்சிப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட மெலிந்த மாடுகளை வைத்துத் தொடங்கிய கால்நடை வளர்ப்பைத் தொடர்ந்து பேணி, இன்று அமெரிக்காவின் பெரிய கன்றீனும் மந்தைகளை உடையவர்களுள் ஒருவராக வளர்ந்திருக்கின்றனர். 1979இல் தம் காப்பு நிலத்தில் பெரும் பரிசுத்தொகை கொண்ட பிங்கோ கூடத்தைத் திறந்தனர். பிங்கோ என்பது அழைக்கப்படும் எண்களைச் சீட்டில் குறித்து வெல்லும் அதிர்ஷ்ட விளையாட்டு. உள்ளூர்ச் சட்ட அதிகாரி அதை மூட முயன்றபோது வழக்காடி, 1981இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். அந்தத் தீர்ப்பின் மேல் கட்டப்பட்டதே அவர்களின் செல்வம். 2019 ஒக்டோபரில் புளோரிடாவின் ஹாலிவுட் நகரில் அவர்கள் திறந்த 450 அடி உயர விடுதி, முதுகோடு முதுகு ஒட்டிய இரு கிற்றார்களின் வடிவில் எழுந்து நிற்கிறது. அவ்வளாகத்தின் உயர்தர இறைச்சி உணவகத்துக்கு, 1957இல் முன்னோர் கூடிய அந்தக் கருவாலி மரத்தின் பெயரையே சூட்டியிருக்கின்றனர்.

இவ்வெற்றியின் பெரும்பகுதி சூதாட்டத்திலிருந்து வந்தது என்பதை மறைக்கலாகாது. ஒருவர் இழப்பதே மற்றவர் வருவாயாகும் தொழில் அது. வடபுலத்துக் கரையோரத்துக்கு அதைப் பரிந்துரைப்பது பெருந்தவறு. அமெரிக்கச் சட்டம் பழங்குடியினருக்கு ஓரளவு இறைமையை ஒப்புக்கொள்கிறது. அதாவது, தம் நிலத்தில் சில காரியங்களைத் தாமே தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஏற்கிறது. முள்ளிக்குளத்துக்கு அத்தகைய அதிகாரம் எதுவும் இல்லை. ஆகவே இங்கே ஒப்பிடப்படுவது செல்வமன்று; பெயர்க்கப்பட்ட ஒரு மக்கள் தம் கூட்டுப் பெயரைக் கைவிடாமல், தனித்தனியே விலைபோகாமல், மன்றமாக நின்றது ஒன்றே.

முள்ளிக்குளத்தின் செய்தியை அதன் பிள்ளைகளுக்கே எடுத்துச் சொல்வது மிகையாகத் தோன்றலாம். வேற்றூர் வாசகரும் இம்மடலைக் காண்பர் என்பதால் சுருக்கமாகச் சொல்லப்படுகிறது. மன்னார் மாவட்டத்தின் முசலி பிரதேச செயலகப் பிரிவில், வில்பத்துக் காட்டின் வட எல்லையை அண்டிக் கடலோரமாக அமைந்த இக்கத்தோலிக்கத் தமிழ்க் கிராமம், குளத்து நீரில் நெல்லும், கரையில் வலையும், காட்டோரத்தில் கால்நடையும் என்று மூன்று தொழில்களால் தன்னைத் தானே தாங்கி நின்றது. போர்ச் சூழலில் 2007 செப்டெம்பர் 8 அன்று, சில நாள்களில் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு மக்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னர் அவ்விடத்தில் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் 2012இல் பலர் தம் ஊருக்கு அருகேயுள்ள மலங்காட்டில் காடு வெட்டிக் கொட்டில் போட்டுக் காத்திருந்தனர். 2017 மார்ச் 23 முதல் வீதியோரத்தில் தொடர்ந்து அமர்ந்து நடத்திய போராட்டத்தின் பயனாக, அவ்வாண்டு ஏப்ரல் 29 அன்று 100 ஏக்கர் நிலத்தை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. எஞ்சிய நிலமும் வீடுகளும் பற்றிய கோரிக்கை அதன் பின்னரும் தொடர்ந்தது. அந்த வீதியோரப் பந்தலில் பெண்கள் முன்னின்று எடுத்த முடிவுகளின் பெறுமதி, புளோரிடாவின் கருவாலி மரத்தடியில் எடுத்த முடிவுகளின் பெறுமதிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அந்தக் கூட்டம் நிலைத்த அமைப்பாக வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள். பந்தல் போராட்டத்துக்குப் போதும். சொத்தை வைத்திருப்பதற்குச் சட்டப்படி பெயருள்ள அமைப்பு வேண்டும்.

இந்தக் கரையைப் பாடியவர்கள் யார் என்பது அடுத்த கேள்வி. 1863 செப்டெம்பர் 30 அன்று பாரிசில், 24 வயதான ஜோர்ஜ் பிசே இயற்றிய முத்துக் குளிப்போர் என்ற இசை நாடகம் அரங்கேறியது. அதன் களம் பண்டைய இலங்கையின் கடற்கரை. இலங்கையின் பெயர்பெற்ற முத்துப் படுகைகள் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரேயுள்ள கடலில் கிடந்தமையால், அந்நாடகம் கற்பனை செய்த கரை நடைமுறையில் இதுவே ஆகும். பிசே இலங்கைக்கு வந்ததில்லை. எழுதியோர் கதையை முதலில் மெக்சிக்கோவில் நிகழ்வதாகவே திட்டமிட்டிருந்தனர். அதில் இரு ஆண்கள் இணைந்து பாடும் பகுதி மேற்கத்திய இசையுலகில் மிகப் புகழ்பெற்றவற்றுள் ஒன்று. இசையின் அழகில் குறையில்லை. ஆனால் அக்கரையில் உண்மையில் மூழ்கியவர்களின் மூச்சோ, அவர்களைக் கட்டியிழுத்த கல்லின் கனமோ அதில் இல்லை. 1906இல் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பின்போது, பின்னாளில் எழுத்தாளராகப் பெயர்பெற்ற லெனாட் வூல்ஃப் அங்கே இளம் அரச அலுவலராகப் பணியாற்றினார். ஆளில்லாத மணல்வெளியில் சில வாரங்களுக்குப் பல்லாயிரம் பேர் வாழும் நகரம் முளைக்கும். குளிப்பவர்கள் அள்ளிவரும் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொள்ள, உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு மூன்றில் ஒன்று எஞ்சும். கரையின் செல்வம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு தேவையில்லை.

வெளியார் பாடிய இக்கரை தானும் பாடியிருக்கிறது. அதுவும் உலகத்தையே பாடியிருக்கிறது. மன்னாரின் கத்தோலிக்க ஊர்களில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்ற இருவகை இசை மரபில் நாட்டுக்கூத்துகள் ஆடப்பட்டு வந்தன. பாங்கு என்பது பாடல்களின் மெட்டும் நடையும் அமையும் முறை. சற்றுச் சுருங்கிய வடிவிலான வாசாப்பு என்ற ஆட்டமும் இம்மண்ணுக்கு உரியது. ஐரோப்பியப் பேரரசன் ஒருவனைத் தலைவனாகக் கொண்ட என்றீக் எம்பரதோர் நாடகம், குழந்தை இயேசுவைத் தேடிச் செல்லும் அரசர்களைப் பற்றிய மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் ஆகியவை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியால் அச்சேறின. பாரிசின் இளைஞன் ஒருவன் மன்னார்க் கரையைக் கற்பனை செய்து பாடிய உலகில், மன்னாரின் உழவரும் கடற்றொழிலாளரும் ஐரோப்பாவின் அரசவையைக் கற்பனை செய்து, மத்தளமும் தாளமும் கொட்ட, விடிய விடிய ஆடியிருக்கின்றனர். முந்தையது உலகெங்கும் இசைத்தட்டாக விற்கிறது. பிந்தையதன் மெட்டுகள் ஒரு சில அண்ணாவிமாரின் நினைவிலும் நைந்த கையெழுத்துப் பிரதிகளிலும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அண்ணாவியார் என்போர் கூத்தைப் பயிற்றி, பின்பாட்டுப் பாடி, முழு ஆட்டத்தையும் நடத்திச் செல்லும் ஆசான்மார்.

கூத்தோடு முடிவதுமில்லை. கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றோர் ஏற்றுப் பாடும் அம்பாப் பாடல், இழுப்பின் தாளத்தை எல்லோருடைய தோளுக்கும் ஒன்றாக்கிய இசை. உழவு இயந்திரத்தின் வலுவால் கயிற்றைச் சுற்றும் முறை பல கரைகளில் வந்தபின் அப்பாடலுக்கு வேலையில்லாமற் போயிற்று. வேலையற்ற பாட்டு ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடும். தெற்கே, காட்டினூடான பழைய கரையோரப் பாதை சென்று சேரும் புத்தளத்துக்கு அருகே, சிரம்பியடியில், போர்த்துக்கேயரும் பின்வந்தோரும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் மஞ்சா என்ற பாடல் வகையை, கைத்தட்டும் வீட்டுப் பாத்திரமுமே கருவியாக, இன்றும் பேணி வருகின்றனர். இலங்கை முழுவதையும் ஆடவைத்த பைலா இசையின் உறவு அது. லண்டனின் சுவரில் ஒரு கிற்றார் மாட்டப்படுவதற்கு நூற்றாண்டுகள் முன்னரே, இந்தக் கரையோரத்தில் ஆபிரிக்காவும் ஐரோப்பாவும் தமிழும் சிங்களமும் கலந்து ஒரு தாளத்தில் நின்றிருந்தன.

இவையெல்லாம் இருக்கும்போது, மன்னார்க் கரைக்குச் சுற்றுலா வளர்ச்சி வந்தால், இங்கே எழும் இசை உணவகத்தின் சுவரில் என்ன தொங்கும்? மும்பையின் அனுபவம் எச்சரிக்கையாக இருக்கிறது. 2006இல் அந்நகரின் ஹார்ட் ரொக் கஃபே வொர்லியிலுள்ள பொம்பே டையிங் துணியாலை வளாகத்தில் திறக்கப்பட்டது. அப்பகுதியைச் சுற்றிய ஆலைகளின் ஊர், லாவணிப் பாட்டும் தமாசா என்னும் நாட்டார் நாடகமும் தொழிலாளர் கவிகளின் பாட்டும் முழங்கிய இடம். தனித்து வந்த தொழிலாளருக்குப் பெண்கள் தம் வீட்டிலேயே சமைத்துப் போட்ட கானாவள் என்னும் உணவிடங்கள் நிறைந்த இடம். 1982இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தின் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, நிலம் அங்காடிகளாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறியது. புதிய உணவகம் நினைவுகூர்ந்தது ரொக் கலைஞர்களை. அந்த மண்ணில் பாடியவர்களையும் சமைத்தவர்களையும் நினைவுகூர்வதற்கு, நிலத்தின் முடிவைத் தீர்மானித்த இடத்தில் அவர்கள் எவரும் இருக்கவில்லை. வடக்கிலும் ஓர் உதாரணம் உண்டு: காங்கேசன்துறையில், மக்கள் மீளக் குடியேற விடப்படாதிருந்த உயர்பாதுகாப்பு வலயத்துக்குள், தல்செவன என்ற கடற்கரை விடுதியை இராணுவம் நடத்தியது. பிடிக்கப்பட்ட நிலம் முகாமாக இருக்கும்வரை அதைத் திருப்பிக் கேட்பது எளிது. அது விடுதியாகி, பயணிகள் வந்து உண்டு மகிழும் இடமானபின், கேட்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரானவர்களாகச் சித்திரிக்கப்படுவர்.

மதுக்கூடம் என்ற வடிவம் இக்கரைக்குப் பொருந்துமா என்பதையும் நேர்மையாக எண்ண வேண்டும். முசலிப் பிரிவில் முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, நெடுங்காலத்தின் பின் திரும்பியவர்கள் அவர்களுள் பலர். இடம்பெயர்வின் துயரை ஒருவருக்கொருவர் விளக்க வேண்டிய தேவையில்லாத முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் ஒரே மேசையில் அமர முடியாத இடமாக ஊரின் பொது உணவகம் அமைவது முறையன்று. மது குடும்பங்களைச் சிதைத்ததும் இக்கரை அறிந்ததே. 1970களில் பரவிய ஈழத்துப் பொப் இசையில் நித்தி கனகரத்தினம் பாடி வீடுதோறும் சென்ற பாடல் ஒன்று, கள்ளுக்கடையை விட்டு விலகச் சொன்ன பாடல் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அதே வேளை, கள் இறக்கும் தொழிலாளர் தம்முள் ஒன்றுசேர்ந்து அமைத்த பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள், ஏலமெடுத்த தனியாரின் பிடியிலிருந்து அத்தொழிலை மீட்டு, சீவுபவருக்கே அதன் பயனைக் கொண்டுசெல்ல முயன்றவை; வடமராட்சியின் திக்கம் வடிசாலை அந்த முயற்சியின் வழியே வந்தது. கூட்டு உரிமை என்பது புளோரிடாவிலிருந்து இறக்குமதி செய்யப்பட வேண்டிய கருத்தன்று என்பதற்கு இதுவே சான்று. மதுவில்லாத, இசையும் உணவும் மட்டுமுள்ள கூடமே முள்ளிக்குளத்துக்குத் தகும் என்பது இம்மடலின் கருத்து. இறுதி முடிவு ஊரவருடையது.

உணவுக்கும் குறைவில்லை. மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் பிடிபடும் நீல நண்டின் சதை பதப்படுத்தப்பட்டு, பெருமளவில் அமெரிக்கச் சந்தைக்கு ஏற்றுமதியாகிறது. அங்கே அது தட்டிப் பொரித்த நண்டு வடையாகப் பணிசுக்குள் வைக்கப்பட்டு உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது. பிடித்தவருக்குக் கிடைப்பது கிலோவுக்கான கரை விலை மட்டும். அதே நண்டை, மிளகும் தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் அறிந்த கைகள் இக்கரையிலேயே பக்குவம் செய்து, அன்று சுட்ட பணிசில் வைத்துத் தந்தால், தங்கத் தகடு தேவைப்படாது. ஒடியல் கூழும், கருவாட்டுக் குழம்பும், கொத்து ரொட்டியும் அதனருகே நிற்கலாம்; இரும்புத் தட்டில் இரு தகடுகள் தாளம் தவறாமல் விழும் கொத்து ரொட்டியின் ஓசையைத் தெருமுனையிலேயே கேட்டு வந்து சேரும் மக்களுக்கு, உணவும் இசையும் ஒன்று என்பதை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆகவே, வெளியூர் மாலையொன்றில் ஹார்ட் ரொக் கஃபேயின் சுவர்களுக்கு நடுவே நீங்கள் அமரும்போது, பாட்டைக் கேளுங்கள், விரும்பியதை உண்ணுங்கள். நீங்கள் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதி, ஒரு காலத்தில் காட்சிக்கு வைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுடைய கல்விக்கும் மருத்துவத்துக்கும் போகிறது என்பதையும் அறிந்திருங்கள். பின்னர் ஊரோடு பேசுங்கள். முதலீட்டாளர் எவரும் வருமுன், சிதறிய குடும்பங்கள் அனைத்தையும் உறுப்பினராகக் கொண்ட கூட்டுறவுச் சங்கமொன்று வடமாகாணக் கூட்டுறவுத் திணைக்களத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தனியொருவர் தம் காணியை விற்கவோ குத்தகைக்கு விடவோ நேர்ந்தால் முதலில் அச்சங்கத்திடம் கேட்கும் வழக்கம் உருவாக வேண்டும். கரைவலைப் பாடுகளின் பெயர்களும் எல்லைகளும், அதாவது ஒவ்வொரு வலையும் வளைப்பதற்கு மரபாக உரிய கரைத்துண்டுகளின் விவரம், முதியோர் வாய்மொழியிலிருந்து வரைபடமாக்கப்பட வேண்டும். கனடாவிலும் பிரான்சிலும் இருப்போர் பணத்தை மட்டும் அனுப்பாமல், ஒலிப்பதிவுக் கருவியையும் அதை இயக்கத் தெரிந்தவரையும் அனுப்பினால், அம்பாப் பாடலும் கூத்து மெட்டும் பாடியவரின் பெயரோடும், பதிப்புரிமை சங்கத்துக்கே உரியது என்ற எழுத்தோடும் பதிவாகும். நாளை யாரேனும் அந்தப் பாடலைத் தம் உணவகத்தில் ஒலிக்க விரும்பினால், சங்கத்தின் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். ஓகஸ்ட் 15 அன்று மாதாவின் திருவிழாவுக்கு எல்லாத் திசைகளிலிருந்தும் குடும்பங்கள் வந்து கூடும்போது, சங்கத்தின் முதற்கூட்டத்துக்கு வேண்டிய எண்ணிக்கையும், பதிவுக்கு வேண்டிய குரல்களும் ஒரே நாளில் கிடைக்கும். வரும் திருவிழாவுக்கு முன்னரே உறுப்பினர் பட்டியலை எழுதத் தொடங்குவது நல்லது.